வரலாறு எல்லாம் வென்றவன் எழுதியதுதானா? அப்படியானால் எதைத்தான் நம்புவது?

கேள்வியை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பள்ளியில் படித்தது ஒன்று, வெளியே கேள்விப்படுவது வேறு, ஒரே சம்பவத்துக்கு நாலு கதை ஓடுகிறது, “வரலாறு வென்றவர்களால் எழுதப்படுகிறது என்று சர்ச்சிலே சொல்லியிருக்கிறார், அப்படியானால் எல்லாமே பொய்தானே” என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. எழுதியவர்கள் பொய் சொன்னார்களா என்பது ஒன்று. சொல்லியிருந்தால் இன்றைக்கு நம்மால் அதைக் கண்டுபிடிக்க முடியுமா என்பது இன்னொன்று. முதலாவதற்குப் பதில் சுலபம்: சொன்னார்கள், தாராளமாகச் சொன்னார்கள். உங்களை உறுத்துவது இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன், அதனால் அதைப் பற்றியே பேசுகிறேன். அப்புறம் ஒரு சின்ன விஷயம், அந்த வாக்கியத்தைச் சர்ச்சில் சொன்னதற்கு எந்த ஆதாரமும் கிடையாது. வரலாற்றை நம்பாதே என்று சொல்லும் வாக்கியமே கைமாறிக் கைமாறித் தவறான பெயரில் வந்து சேர்ந்திருக்கிறது.

என் தொழில் கல்வெட்டு வாசிப்பது. இருபது வருடங்களுக்கு மேலாகக் கோயில் சுவர்களில் மைப்படி எடுத்து, எழுத்துக்கூட்டி, அதில் இருப்பதை மட்டும் எழுதப் பழகியவன். கீழே எகிப்து, அசீரியா, கொரியா என்றெல்லாம் வரும். அந்த மொழிகள் எனக்கு வாசிக்கத் தெரியாது, அந்தத் துறைக்காரர்கள் படித்துப் பதிப்பித்ததை வைத்துத்தான் சொல்கிறேன். தமிழ்க் கல்வெட்டு என்று வரும்போது மட்டும் கொஞ்சம் தைரியமாகப் பேசுவேன்.

“வென்றவன் எழுதியது” என்பதே பாதிதான் சரி. கி.மு. 431 முதல் 404 வரை ஏதென்சுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் நடந்த போரில் தோற்றது ஏதென்ஸ். ஆனால் அந்தப் போரைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி துசிடிடீஸ் எழுதியது, அவர் ஏதென்ஸ்காரர். அதுவும் சும்மா ஏதென்ஸ்காரர் இல்லை, கி.மு. 424-இல் ஆம்பிபொலிஸ் நகரத்தைக் காப்பாற்ற முடியாமல் கோட்டைவிட்டு, அதற்காக 20 ஆண்டுகள் நாடு கடத்தப்பட்ட தளபதி. ஊரைவிட்டுத் துரத்தப்பட்டதால்தான் எதிர்த்தரப்பு ஆட்களிடமும் பேசி விசாரிக்க முடிந்தது என்று அவரே எழுதுகிறார். தன் நூலில் வரும் சொற்பொழிவுகள் வார்த்தைக்கு வார்த்தை நினைவில் இல்லை, அந்தச் சந்தர்ப்பத்துக்கு என்ன பொருத்தமோ அதை எழுதினேன் என்றும் ஒப்புக்கொள்கிறார். அமெரிக்க உள்நாட்டுப் போரிலும் தோற்ற தென்மாநிலத்தார்தான் பல பத்தாண்டுகள் தங்கள் கதையைப் பாடப்புத்தகம் வரை கொண்டுபோனார்கள். ஆக, வென்றவரா தோற்றவரா என்பதைவிட எழுதத் தெரிந்தவர் யார், எழுதியதைப் பத்திரமாக வைத்திருக்க இடமும் ஆளும் யாரிடம் இருந்தது என்று கேட்பது பயனுள்ளது.

சரி, பொய் என்று தெரிந்த ஒரு பதிவை எப்படிக் கையாள்வது? கி.மு. 1274 வாக்கில் காதேஷ் என்ற இடத்தில் எகிப்தின் இரண்டாம் ராமேசஸும் இன்றைய துருக்கிப் பகுதியை ஆண்ட ஹிட்டைட் அரசன் முவாத்தல்லியும் மோதினார்கள். ராமேசஸ் ஊர் திரும்பிக் கோயில் கோயிலாகச் சுவரில் செதுக்கிவைத்தார், படையெல்லாம் ஓடிவிட்டது, தான் தன்னந்தனியாக எதிரிகளை ஆற்றில் தள்ளியதாக. இந்தப் பக்கத்தை மட்டும் படித்தால் எகிப்துக்கு மகத்தான வெற்றி. 1906-இல் தொடங்கி ஹிட்டைட் தலைநகரைத் தோண்டியபோது களிமண் பலகைகள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன, பிற்பாடு இரு நாடுகளும் செய்துகொண்ட உடன்படிக்கையின் பிரதியும் அதில் இருந்தது. போருக்குப் பிறகும் காதேஷ் ஹிட்டைட்டுகள் கையில்தான் இருந்திருக்கிறது. எனவே இன்றைக்கு யாரும் அதை எகிப்தின் வெற்றி என்று சொல்வதில்லை. ஆனால் நான் கவனிக்கச் சொல்வது வேறு. ராமேசஸின் அதே சுவர்தான், அவர் இரண்டு நாடோடிகளின் பேச்சை நம்பி, எதிரி வெகுதூரத்தில் இருக்கிறான் என்று நினைத்து ஏமாந்துபோன கதையையும் சொல்கிறது. தனியாக நின்று ஜெயித்தேன் என்று காட்ட, முதலில் தனியாக மாட்டிக்கொண்ட கதையைச் சொல்லித்தானே ஆக வேண்டும். பெருமையைச் சொல்லப்போய் அசட்டுத்தனம் வெளியே வந்துவிட்டது. அந்த இடம் நம்பத் தகுந்தது.

எங்கள் தொழிலில் பாதி இதுதான். ஒரு ஆவணம் சொல்ல வந்தது ஒன்று இருக்கும், சொல்லும்போது கைதவறிச் சிந்தியது ஒன்று இருக்கும். சொல்ல வந்ததைச் சந்தேகப்பட வேண்டும், சிந்தியதைப் பொறுக்க வேண்டும்.

இதற்கு நான் எப்போதும் காட்டுவது கி.மு. 701-இல் நடந்த எருசலேம் முற்றுகை. அசீரிய அரசன் சனகெரிப் யூதா நாட்டின் மீது படையெடுத்தான். அவன் தரப்புச் செய்தி களிமண் பட்டகத்தில் இருக்கிறது: 46 அரண் சூழ்ந்த ஊர்களைப் பிடித்தேன், யூதாவின் அரசன் எசேக்கியாவை எருசலேமில் கூண்டுப் பறவை மாதிரி அடைத்தேன், அவன் கப்பம் கட்டினான். எசேக்கியா தரப்புச் செய்தி விவிலியத்தில் இருக்கிறது: கப்பம் கட்டியது உண்மை, ஆனால் இரவில் கர்த்தருடைய தூதன் இறங்கி அசீரியப் பாளயத்தில் 1,85,000 பேரைக் கொன்றான், சனகெரிப் திரும்பிப் போனான். இரண்டு பேரும் அவரவர் கடவுளின் பெருமையைச் சொல்ல வந்தவர்கள், ஒருவர் நூலை இன்னொருவர் பார்த்து எழுதியிருக்க வாய்ப்பில்லை. இப்போது கப்பக் கணக்கைப் பாருங்கள். சனகெரிப் பொன் 30 தாலந்து (தாலந்து அந்தக் காலத்து எடை அளவு), வெள்ளி 800 தாலந்து என்கிறான். விவிலியம் பொன் 30 தாலந்து, வெள்ளி 300 தாலந்து என்கிறது. பகைவர் இருவர் 30 என்ற எண்ணில் வந்து கைகோக்கிறார்கள். வெள்ளியில் ஏன் இடிக்கிறது என்பதற்கு எடை அளவு வேறு, அரசன் கூட்டிச் சொன்னான் என்று பல விளக்கங்கள் உண்டு, எல்லாம் ஊகம். நகரம் வீழ்ந்ததா? சனகெரிப் வாய் கிழியப் பேசுகிறானே தவிர எருசலேமைப் பிடித்தேன் என்று எங்கும் சொல்லவில்லை. நினிவே அரண்மனையில் அவன் ஓர் அறைச் சுவர்களில் சிற்பமாகச் செதுக்கி வைத்தது லாகீஸ் என்ற வேறோர் ஊரைப் பிடித்த காட்சியை. தலைநகரைப் பிடித்தவன் இரண்டாவது ஊரை ஏன் சுவரில் மாட்டப்போகிறான். ஆகவே படையெடுப்பு உறுதி, கப்பம் உறுதி, நகரம் தப்பியது ஏறத்தாழ உறுதி. முற்றுகை ஏன் கலைந்தது என்பது மட்டும் நம்பிக்கையையும் ஊகத்தையும் பொறுத்த விஷயம், அங்கே நான் வாயைத் திறப்பதில்லை.

என் சொந்த வயலுக்கு வருகிறேன். சோழ அரசர்களின் கல்வெட்டு பெரும்பாலும் மெய்க்கீர்த்தியோடு தொடங்கும். அரசன் வென்ற நாடுகளையெல்லாம் வரிசையாகச் சொல்லும் பாட்டு அது. முதலாம் இராசராசன் கல்வெட்டுகளில் “காந்தளூர்ச் சாலை கலமறுத்தருளி” என்று வரும். எழுத்தில் சந்தேகமே இல்லை, நூற்றுக்கணக்கான சுவர்களில் இருக்கிறது. ஆனால் பொருள்? கலம் என்றால் கப்பல், கப்பற்படையை அழித்தான் என்று ஒரு கட்சி. சாலை என்றால் உணவும் கல்வியும் தரும் அறச்சாலை, கலம் என்றால் உண்கலம், அங்கே ஏதோ ஏற்பாட்டை மாற்றினான் என்று இன்னொரு கட்சி. இரண்டு சொல்லுக்கு ஒரு நூற்றாண்டாகச் சண்டை. பதிவு பொய் இல்லை, நமக்குத்தான் அந்தச் சொல் அந்நியமாகிவிட்டது. வரலாறு பிசகுவதில் இந்த வகை நிறைய, இதில் வில்லனே கிடையாது.

அதே இராசராசனின் அண்ணன் ஆதித்த கரிகாலன் கொலை செய்யப்பட்டது எப்படித் தெரியும் என்று நினைக்கிறீர்கள்? மெய்க்கீர்த்தி அதைப் பற்றி மூச்சு விடாது. காட்டுமன்னார்கோயில் உடையார்குடிக் கோயிலில், இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த ஒரு கல்வெட்டு இருக்கிறது. நிலம் வாங்கி அறத்துக்கு எழுதிவைத்த ஆவணம். அந்த நிலம் எப்படி விற்பனைக்கு வந்தது என்று சொல்ல வேண்டுமே, அதற்காக அரசனின் ஓலையை எடுத்துப் போடுகிறார்கள்: பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்று துரோகிகளான சோமன், இரவிதாசன், பரமேஸ்வரன் ஆகியோரின் சொத்தையும் உறவினர் சொத்தையும் பறிமுதல் செய்யச் சொல்லி ஊர்ச் சபைக்கு வந்த ஆணை. பத்திரத்தில் “மேற்படி சொத்து இன்ன வகையில் வந்தது” என்று எழுதுகிறோமே, அந்த மாதிரி ஒரு வரியில் ஓர் இளவரசனின் கொலை மாட்டிக்கொண்டிருக்கிறது. பொய் சொல்ல எந்த அவசியமும் இல்லாத இடம்.

இதில் எது உறுதி? கொலை நடந்தது, இன்னார் குற்றவாளி என்று இராசராசன் அரசு கருதியது, சொத்து பறிபோனது. இரவிதாசனுக்குப் “பஞ்சவன் பிரமாதிராஜன்” என்று பட்டம், பஞ்சவன் என்றால் பாண்டியன். பரமேஸ்வரனுக்கு “இருமுடிச்சோழ பிரமாதிராஜன்” என்று சோழப் பட்டம். ஆக அரசுப் பதவியில் இருந்தவர்கள். கொலைக்கும் இந்த ஆணைக்கும் நடுவில் உத்தம சோழன் ஆண்ட ஏறத்தாழ 15 ஆண்டுகள் கிடக்கின்றன. இதை வைத்துத்தான் உத்தம சோழனுக்குப் பங்கிருக்கலாம் என்று நீலகண்ட சாஸ்திரி சந்தேகப்பட்டார், அதை மறுத்தவர்களும் உண்டு. கல் இதைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. நாவலில் படித்தவர்கள் முடிவே கட்டிவிடுகிறார்கள், அது நாவலுக்குச் சரி.

கல்லிலிருந்து புத்தகத்துக்கு வரும் வழியிலும் பிசகு நேரும். மைப்படி எடுப்பதை ஒருமுறை பக்கத்தில் நின்று பார்த்தால் விளங்கும். கல்லைத் தேய்த்துக் கழுவி, நனைத்த தாளை ஒட்டி, தூரிகையால் அடித்து அடித்துத் தாளை எழுத்துக் குழிக்குள் இறக்கி, மேலே மை ஒற்றினால், கறுப்பில் வெள்ளையாக எழுத்து எழும். சுண்ணாம்பு அடைத்த இடமும் கல் பொரிந்த இடமும் எழுத்து மாதிரியே ஏமாற்றும். புள்ளி பெரும்பாலும் போடமாட்டார்கள், எ-ஏ, ஒ-ஓ இவற்றில் குறில் நெடில் வேறுபாடு தெரியாது. என் வாசிப்பில் ஒரு பெயரை மூன்று வருடம் தப்பாகவே வைத்திருந்தேன், இன்னொரு சுவரில் அதே ஆளின் பெயர் தெளிவாகக் கிடைத்த பிறகுதான் திருத்தினேன். நல்ல எண்ணத்தோடு செய்யும் திருப்பணியிலும் கற்கள் இடம் மாறி, வரி பாதியில் நின்றுவிடும். ஆனால் பழைய ஆட்களும் இதை யோசித்திருக்கிறார்கள். கோயிலைப் பிரித்துக் கட்டும்போது பழைய கல்வெட்டைப் படியெடுத்து மறுபடி வெட்டிவிட்டு, “இதுவும் ஒரு பழங்கற்படி” என்று குறித்துவைத்த இடங்கள் உண்டு. மூலம் இல்லை, நகல்தான் என்று ஆயிரம் வருடத்துக்கு முன்பே ஒருவர் நேர்மையாக எழுதிவைத்ததைப் பார்க்கும்போது அவருக்குக் கும்பிடு போடத் தோன்றும்.

வேண்டுமென்றே அழித்தவர்களும் உண்டு. ரோமில் இணைப் பேரரசன் கெட்டா கி.பி. 211-இல் அண்ணன் காரகல்லாவின் ஏற்பாட்டில் கொல்லப்பட்டான், பிறகு அவன் பெயரையும் முகத்தையும் எல்லா இடத்திலும் சுரண்டச் சொன்னார்கள். குடும்பமாக வரைந்த வட்ட ஓவியம் ஒன்று இன்றும் இருக்கிறது, அப்பா, அம்மா, ஒரு பையன், அப்புறம் சுரண்டிய வெற்று வட்டம். அந்த வெற்றிடத்தால்தான் அவன் இன்றைக்கு அதிகம் பேசப்படுகிறான். சோவியத்தில் ஸ்டாலினின் ரகசியப் போலீஸ் தலைவராக இருந்த பெரியா 1953-இல் வீழ்ந்தபோது, கலைக்களஞ்சியச் சந்தாதாரர்களுக்குப் புதுப் பக்கங்கள் தபாலில் வந்தன, பெரியா பற்றிய பக்கத்தை வெட்டி எடுத்துவிட்டு பெரிங் கடல் முதலியவற்றைப் பற்றிய இதை ஒட்டிக்கொள்ளுங்கள் என்று. எல்லோரும் வெட்டவில்லை, அதனால் இரண்டு வடிவமும் நமக்குத் தெரியும். அழிப்பது நினைப்பதைவிடக் கஷ்டம். ஆனால் இதைச் சொல்லும்போதே எனக்கு ஓர் உறுத்தல்: வெற்றிகரமாக அழிக்கப்பட்டவை நம் கண்ணுக்குத் தெரியாது அல்லவா, தோற்றுப்போன அழிப்புகளை மட்டும் பார்த்துவிட்டு நான் பெருமைப்படுகிறேனோ என்று. இதற்கு என்னிடம் பதில் இல்லை.

முழுப் போலியைக்கூடப் பிடிக்க முடிகிறது. ரோமப் பேரரசின் மேற்குப் பகுதியைக் கான்ஸ்டன்டைன் பேரரசர் போப்புக்கு எழுதிக்கொடுத்ததாக ஒரு தானப் பத்திரம் பல நூற்றாண்டுகள் செல்லுபடியானது. 1440-இல் இத்தாலிய அறிஞர் லொரென்சோ வல்லா அதன் லத்தீனை எடுத்துப் பிரித்தார். கான்ஸ்டன்டைன் காலத்து ரோமில் இல்லாத சொற்கள் அதில் இருந்தன, “சத்ரப்” என்று பாரசீக ஆளுநரின் பெயர்கூட ரோம அதிகாரிகள் நடுவே வந்து உட்கார்ந்திருந்தது. எட்டாம் நூற்றாண்டில் யாரோ எழுதியது என்பதே இன்றைய முடிவு. இவ்வளவுக்கும் வல்லாவுக்கு வேறு எந்தக் கருவியும் தேவைப்படவில்லை, மொழி தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

நேரில் பார்த்தவர் சொன்னால் நம்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். 1986-இல் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள், அந்தச் செய்தியை எங்கே எப்படிக் கேட்டீர்கள் என்று கல்லூரி மாணவர்களிடம் எழுதி வாங்கினார்கள் உளவியலாளர்கள் நைசரும் ஹார்ஷும். இரண்டரை வருடத்துக்கு மேல் கழித்து அதே மாணவர்களில் 44 பேரிடம் மறுபடி கேட்டபோது 11 பேர் எல்லா விவரத்தையும் தவறாகச் சொன்னார்கள், அதுவும் அடித்துச் சொன்னார்கள். தங்கள் கையெழுத்தைக் காட்டியும் சிலர் மசியவில்லை. யாரும் பொய் சொல்லவில்லை. அதனால் சம்பவம் நடந்து முப்பது வருடம் கழித்து எழுதிய நினைவுக்குறிப்பைவிட, அன்றைக்கே கிறுக்கிய செலவுக் கணக்கை நான் அதிகம் நம்புவேன். எண்ணிக்கை விஷயத்தில் இன்னும் மோசம். கிரேக்கத்தின் மீது படையெடுத்த பாரசீக மன்னன் செர்க்செஸின் காலாட்படை 17 லட்சம் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் எரோடோட்டஸ் எழுதுகிறார், அத்தனை பேருக்குத் தண்ணீரும் தானியமும் எங்கிருந்து வரும் என்று கணக்குப் போட்டாலே உடைந்துவிடும்.

அதற்காக வாய்மொழியாக வருவதை எல்லாம் தள்ளிவிடக் கூடாது. வட அமெரிக்காவின் மேற்குக் கரைப் பழங்குடிகளிடம், குளிர்கால இரவில் நிலம் நடுங்கியதும் கடல் வந்து ஊரையே கொண்டுபோனதும் பற்றிய கதைகள் தலைமுறை தலைமுறையாக இருந்தன, இடிப்பறவையும் திமிங்கிலமும் போட்ட சண்டையாகச் சொல்வதும் உண்டு. எழுத்துப் பதிவு இல்லாததால் வெறும் கதை என்றே பலர் விட்டுவிட்டார்கள். பிறகு அந்தக் கரையோரம் உப்புநீரில் மூழ்கிச் செத்து நின்ற மரங்களின் வளையங்களை எண்ணினார்கள். 1699-ஆம் ஆண்டு வளர்ச்சி முடிந்த பின், 1700-இன் வளர்ச்சி தொடங்கும் முன் செத்திருக்கின்றன. கடலுக்கு அந்தப்பக்கம் ஜப்பானில் 1700 சனவரியில், நிலநடுக்கமே உணராமல் பேரலை வந்து வீடுகளையும் நெல்லையும் அடித்துப்போனதாகக் கணக்கர்கள் எழுதிவைத்திருந்தார்கள். அலை கடலைக் கடந்துவர ஆகும் நேரத்தைக் கழித்து, நிலநடுக்கம் 1700 சனவரி 26 இரவு என்று நாளையும் வேளையையும் சொல்லிவிட்டார்கள். கதை இரவு என்றது, குளிர்காலம் என்றது, இரண்டும் சரி. ஆனால் எந்த வருடம் என்று கதையால் சொல்ல முடியவில்லை. மரத்தால் வருடத்தைக் காட்ட முடிந்தது, நாளைக் காட்ட முடியவில்லை. ஜப்பான் கணக்கருக்கு அலை எங்கிருந்து வந்தது என்றே தெரியாது. ஒன்றை ஒன்று பார்த்து எழுதாத மூன்று சாட்சிகள் கிடைத்தால் வேலை எவ்வளவு சுலபமாகிறது பாருங்கள். பத்து புத்தகம் ஒரே மூலத்தைப் பார்த்து எழுதியிருந்தால் அது பத்து சாட்சி இல்லை, ஒன்றுதான். இணையத்தில் “எல்லா இடத்திலும் இப்படித்தான் இருக்கிறது” என்று சொல்கிறவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான்.

பதிவு செய்தவர்களில் யாருமே நேர்மையாக இல்லையா என்றால், இருந்தார்கள். கொரியாவின் சோசன் அரசில் தினமும் குறிப்பு எடுக்க அதிகாரிகள் உண்டு, அந்தக் குறிப்பை அரசன் பார்க்கக் கூடாது என்பது மரபு. 1404-இல் வேட்டைக்குப் போன தேஜோங் மன்னர் குதிரையிலிருந்து விழுந்தார். எழுந்ததும், குறிப்பெழுதுகிறவருக்கு இது தெரிய வேண்டாம் என்றார். விழுந்ததும் பதிவாகியிருக்கிறது, தெரிய வேண்டாம் என்று அவர் சொன்னதும் பதிவாகியிருக்கிறது. அதே அரசில் 1498-இல் யோன்சான்குன் என்ற மன்னர் குறிப்புகளைப் பார்த்துவிட்டுப் பலரைக் கொன்றதும் நடந்தது. பின்னாளில் ஆளும் கோஷ்டி மாறியதும் சோஞ்சோ மன்னரின் வரலாற்றைத் திருத்தி எழுதினார்கள், ஆனால் பழையதை எரிக்காமல் இரண்டையும் வைத்தார்கள். இரண்டையும் வைத்த அந்தச் செயலின் மேல்தான் எனக்கு மரியாதை அதிகம்.

சாதாரண மக்கள் பதிவிலேயே இல்லையே என்ற உங்கள் கடைசிக் குறை முழுக்க நியாயம். எழுத்து அறிந்தவர்கள் தங்களைப் பற்றியும் தங்களுக்குப் படி அளந்தவர்களைப் பற்றியும் எழுதினார்கள். ஆனாலும் ஓட்டை வழியாகச் சிலர் எட்டிப் பார்க்கிறார்கள். மூன்றாம் ராமேசஸின் 29-ஆம் ஆட்சியாண்டில், அரச கல்லறைகளைச் செதுக்கிய தொழிலாளர்கள் கூலித் தானியம் வராததால் கருவியைப் போட்டுவிட்டு வெளியேறி ஒரு கோயிலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார்கள், பசிக்கிறது என்றார்கள். அரசனின் பிரம்மாண்டக் கோயில் சுவரில் இது இருக்காது. அலுவலகக் கணக்கர் ஒருவர் பாப்பிரஸில் குறித்துவைத்தது தப்பிப் பிழைத்திருக்கிறது. பெண்கள், அடிமைகள், நிலமில்லாதவர்கள் விஷயத்தில் இந்த மாதிரித் துண்டுகளை வைத்துத்தான் ஓட்ட வேண்டியிருக்கிறது, பல இடங்களில் அதுவும் கிடையாது, அங்கே யாராவது முழுக்கதை சொன்னால் நான் எழுந்து போய்விடுவேன்.

எல்லாமே பொய் என்று முடிவுகட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. அப்படிச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் அடுத்த நிமிடமே தங்களுக்குப் பிடித்த ஒரு கதையை ஆதாரமே கேட்காமல் நம்புகிறார்கள், இதை நான் பலமுறை பார்த்துவிட்டேன். போன மாதம்கூட ஒருவர், பாடப்புத்தகம் எல்லாம் ஏமாற்று, ஆதித்த கரிகாலனைக் கொல்லச் சொன்னது யார் என்று நீங்களாவது மறைக்காமல் சொல்லுங்கள் என்று வந்து உட்கார்ந்தார். உடையார்குடிக் கல்வெட்டின் அச்சிட்ட வாசகத்தை எடுத்து நீட்டினேன். விரல் வைத்து வரி வரியாகப் போனார், துரோகிகள் என்ற இடத்தில் கொஞ்சம் நின்றார், பிறகு வேகமாகப் பக்கத்தைப் புரட்டினார். மிச்சம் முழுக்க நிலக் கணக்குதான்.